மலையும் மாநகரும் – 17: முத்திக்குளத்துக்குப் போன நாயுடு

சென்ற வாரம் கதை மஞ்சூரைத் தாண்டி, கெத்தை மலைப்பாதையின் 43 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே நின்றது. குந்தாத் தண்ணீர் கோவைக் குழாய்க்குள் புகுந்த கதை இந்த வாரம் என்று வாக்கும் கொடுத்தாயிற்று. ஆனால் கோவையில் வாடகை வீடு தேடுகிறவர்கள் அட்வான்ஸுக்கு முன்பே கேட்பது வேறு: "சிறுவாணித் தண்ணியா, பில்லூர்த் தண்ணியா?"

இந்தக் கேள்வியை விட்டுவிட்டுக் குந்தாவுக்கு ஏற முடியாது. அதற்குள் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார்.

எஸ்.பி. நரசிம்மலு நாயுடு. 1854-இல் ஈரோட்டில் பிறந்தவர். பிரம்ம சமாஜி, பத்திரிகைக்காரர், யாத்திரை நூல் எழுதியவர். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸுக்குப் போய்வந்த கையோடு, கோவையின் குடத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர். அன்றைய கோவையில் குளமும் கிணறும்தான். கிணற்றில் ஊறியது பெரும்பாலும் உப்புத் தண்ணி. மேற்கே காட்டுக்குள் முத்திக்குளம் வரை போய்ப் பார்த்துவிட்டு, அந்தச் சிறுவாணி நீரை நகருக்குக் கொண்டுவரலாம் என்று எழுதினார். யானைக் காட்டுக்குள் ஒரு பத்திரிகைக்காரருக்கு என்ன வேலை? நகரசபை எழுந்துவரும் வரை அவர் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

நகரசபை நிதானமாகவே எழுந்தது. நடுவில் பிளேக் வந்தது. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்களே உண்டு. நாயுடு 1922-இல் காலமானார். சிறுவாணித் தண்ணீர் ஊருக்குள் வந்தது அதற்குப் பிறகு, ரத்தினசபாபதி முதலியார் நகரசபைத் தலைவராக இருந்த காலத்தில். முதலியார் நல்ல நிர்வாகி, மறுப்பதற்கில்லை. அவர் பெயர் தாங்கிய ஆர்.எஸ்.புரம் என்றால் ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்காமல் வண்டியைத் திருப்புவார். நரசிம்மலு நாயுடு என்று சொல்லிப் பாருங்கள்!

நாயுடு கண்ட ஊற்று மாநில எல்லைக்கு அப்பால் போய்விட்டது. அணை கேரளத்தில், 1973 ஒப்பந்தப்படிதான் தண்ணீர். கோடை வந்தால் கோவை பாலக்காட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும்.

குந்தாவுக்கு இனி ஒரு பத்திதான் இடம். கொழும்புத் திட்டத்தில் கனடா உதவ, 1956-இல் மின்சாரத்துக்காகத் தொடங்கிய வேலை அது. அவலாஞ்சி, எமரால்டில் தேங்கும் நீர் குந்தா, கெத்தை, பரளி என்று மூன்று பவர் ஹவுஸில் டர்பைனைச் சுற்றிவிட்டுப் பில்லூர் அணையில் விழுகிறது. நகரம் பெருத்தது, சிறுவாணி போதவில்லை. 1990களில் பில்லூரிலிருந்தும் குடிநீர் எடுத்தார்கள். வெள்ளியங்காட்டில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். கரண்டுக்குக் கட்டிய அணை தாகத்துக்கும் ஆயிற்று.

வீட்டுத் தரகருக்கு இதெல்லாம் கணக்கில்லை. மொட்டைமாடி, கார் நிறுத்த இடம், கிழக்குப் பார்த்த வாசல் எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்துகிறார்: "தண்ணி மட்டும் பில்லூருங்க."