'தமிழ்' என்றால் எத்தனை எழுத்து?

பைத்தான் 2-இல் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், பெரும்பாலான கணினிகளில் 15 என்றுதான் வரும். அது எழுத்தை எண்ணவில்லை. யுடிஎஃப்-8 முறையில் அந்தச் சொல் பிடிக்கும் பைட்டுகளை எண்ணியது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால், பலருடைய கண்ணில் இந்தக் கோளாறு படவே இல்லை.

கீடோ வான் ரோசமும் மற்றத் திறமூலப் பங்களிப்பாளர்களும் 2008 டிசம்பரில் பைத்தான் 3-ஐ வெளியிட்டார்கள். சரங்கள் எல்லாம் யூனிகோட் ஆயின. ஆனால் பழைய நிரல்கள் பல ஓட மறுத்தன. அளவுகோல் சோதனை ஒன்றில் புதியது 2.5-ஐவிட ஏறக்குறைய 10% மெதுவாகவும் இருந்தது. வேகம், பழைய பயனர்களின் வசதி இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, பிழை திருத்துவதை முன்னால் வைத்தார்கள்.

பயனர்கள் லேசில் நகரவில்லை. 2.7-க்கான ஆதரவு 2015-இல் முடிய வேண்டியது. 2020 வரை நீட்டினார்கள். அதுவரை தன்னார்வலர்களுக்கு இரட்டைச் சுமை.

என்னைக் கேட்டால், முடிவு சரி, போன பாதைதான் கரடுமுரடு. பழைய யூனிகோட் சரங்களுக்கு முன்னால் போடும் 'யு' குறியை நீக்கிவிட்டு, 2012-இல் 3.3 பதிப்பில்தான் திரும்பச் சேர்த்தார்கள். ஒரே நிரலை இரண்டிலும் ஓட்ட அது பெரிய உதவி. தொடக்கத்திலேயே விட்டுவைத்திருக்கலாம்.

இன்று பைத்தான் 3-இல் நீங்களே கேட்டுப் பாருங்கள்: 'தமிழ்' நீளம் 5. த, ம, மி-யின் வளைவு, ழ, புள்ளி. அம்மம்மா எண்ணினால் மூன்றுதான்.