வாந்தித் தடுப்பு மருந்துகள்: வீடு திரும்பிய பிறகான நாள்கள்

கீமோதெரபியும் அறுவை சிகிச்சையும் கிளப்பும் குமட்டலையும் வாந்தியையும் முன்கூட்டியே அடக்கத் தரப்படுபவை வாந்தித் தடுப்பு மருந்துகள். இந்தச் சிகிச்சைகள் இப்போது தென் ஆந்திராவில் அருகிலேயே கிடைக்கின்றன. திருப்பதியில் 1993 முதல் ஸ்விம்ஸ் மருத்துவமனை இயங்குகிறது. டாடா அறக்கட்டளையின் முயற்சியில், திருமலை திருப்பதி தேவஸ்தானம் தந்த நிலத்தில் அங்கேயே எழுந்த புற்றுநோய் மருத்துவமனை 2022 மே மாதம் திறக்கப்பட்டது. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யும் பக்கம்தான். காலையில் மருந்தேற்றிக்கொண்டு மாலைப் பேருந்தில் ஊர் திரும்புவது இதனால் பலருக்கும் முடிகிறது. ஆனால் சிஸ்பிளாட்டின் போன்ற கடுமையான மருந்தால் வரும் வாந்தி முதல் நாளோடு ஓய்வதில்லை. இரண்டாம், மூன்றாம் நாள்களில் மறுபடி உச்சத்துக்குப் போகும், ஐந்தாறு நாள் நீடிக்கவும் கூடும். அப்போது நோயாளி புத்தூரிலோ பலமநேரிலோ தன் வீட்டில் இருக்கிறார். ஆகவே கையில் கொடுத்தனுப்பும் மாத்திரைகளையும் கீமோவின் பகுதியாகவே கருதவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாந்தி வந்தால் போட்டுக்கொள்ளலாமே, வீணாக மாத்திரை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வாந்தி தொடங்கியபின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்காமல் வெளியே வந்துவிடலாம். முதல் சுற்றில் பட்ட அவதி மனத்தில் பதிந்துவிட்டால், அடுத்த முறை மருத்துவமனை வாசலிலேயே குமட்டல் தொடங்கிவிடுவதும் உண்டு. முதல் நாள் வாந்தியில் குடல் விடுவிக்கும் செரட்டோனினுக்குப் பெரும் பங்கு. அதை ஓண்டான்செட்ரான் தடுக்கிறது. பிந்தைய நாள்களில் வேறு வேதிப்பொருள்கள் முன்னுக்கு வருவதால்தான் அப்ரெபிடன்ட், டெக்சாமெத்தசோன், ஓலன்சபின் ஆகியவற்றையும் சேர்க்கிறார்கள். வாந்தி நின்றுவிட்டதே என்று நடுவில் நிறுத்தினால் இந்த ஏற்பாடு குலைந்துவிடும்.

பக்கவிளைவு பற்றிய அச்சம் நியாயமானது. டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். நீரிழிவு உள்ளவர் வீட்டில் அளந்து பார்க்கவேண்டும். ஓண்டான்செட்ரான் மலச்சிக்கல் தரும். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தவருக்கும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்கும் ஆபத்தாகலாம். இந்த இதய ஆபத்தால்தான் 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓண்டான்செட்ரானின் 32 மி.கி. ஒற்றை ஊசியைக் கைவிடச் சொன்னது; மருந்தைத் தடை செய்யவில்லை, ஒருமுறை ஊசியின் உச்ச அளவை 16 மி.கி. ஆக்கியது. அளவைக் குறைத்தே தீங்கைக் குறைக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலும் சான்று உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆய்வு 2024இல் வெளியானது. வழக்கமான 10 மி.கி. ஓலன்சபினுக்கு 2.5 மி.கி. ஈடாகவே வாந்தியைத் தடுத்தது, பகல் தூக்கமும் குறைந்தது. ஆந்திராவின் வெயிலில் சோர்ந்து கிடக்கும் ஒருவருக்கு இது பெரிய விடுதலை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மெட்டோகுளோபிரமைடு என்ற வாந்தி மாத்திரையை ஓலன்சபினுடன் சேர்த்துப் போடுவதுதான் தவிர்க்கவேண்டியது. கை, கழுத்து இழுத்துக்கொள்ளும் ஆபத்து கூடும்.

அறுவை சிகிச்சையில் கணக்கு வேறு. பெண்கள், புகைபிடிக்காதவர்கள், பயணத்தில் வாந்தி எடுப்பவர்கள், பின்னர் ஓபியம் வகை வலிநிவாரணி தேவைப்படுபவர்கள் ஆகியோருக்கே வாந்தி வரும் வாய்ப்பு அதிகம். மலைப்பாதைப் பேருந்தில் குமட்டும் என்பதைக்கூட மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். வயிற்று அறுவைக்குப் பின் வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் வாந்தி வந்தால் மாத்திரையால் அதை அடக்கக் கூடாது. குடல் இயக்கம் நின்றிருக்கலாம், அந்த அறிகுறியை மருந்து மறைத்துவிடும். அன்றே மருத்துவமனைக்குத் திரும்பவேண்டும்.