உப்புத்தாளும் தண்ணீரும்

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. 1961 முதல் சென்னையிலேயே செய்யப்பட்டு வந்த ஜாதி. என் சித்தப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. அதை ஓட்டிய நாட்களைவிட நிறுத்தி வைத்து அழகு பார்த்த நாட்களே அதிகம். ஆனால் சித்தப்பாவின் பேத்தி, தன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்துவிட்டாள். எனக்கும் பெருமைதான். ஒரு பட்டறைக்கு அனுப்பி, 'டூக்கோ' அடிக்கச் சொன்னேன்.

திரும்பி வந்த வண்டியைப் பார்த்ததும் பகீரென்றது. நிறம் என்னவோ சரிதான். ஆனால் மேற்பரப்பு முழுவதும் ஆரஞ்சுத் தோலைப் போலப் பொடிப்பொடியாக மேடும் பள்ளமும். இடது கதவில், அழுது காய்ந்த கன்னம் மாதிரி, பெயிண்ட் வழிந்த கோடு ஒன்று. கல்யாணத்துக்குப் பத்தே நாள். பார்த்தவர்கள் எல்லாரும், "சுரண்டிவிட்டு மறுபடியும் அடிக்க வேண்டியதுதான்" என்றார்கள்.

அப்படிச் சொல்லாதவர் ஒருவர்தான். எங்கள் பேட்டையில் ஐம்பது வருஷமாக இந்தத் தொழிலே செய்துவரும் மேஸ்திரி. உள்ளங்கையால் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "பெயிண்டு கனமாத்தான் வுட்டிருக்கான், சார். வாட்டர் பேப்பர் போட்டு எடுத்துடலாம். நாலு நாள் ஆவும்" என்றார்.

"மெஷின் வைத்து ஒரே நாளில் தேய்த்துவிட முடியாதா?"

"வறட்டுத் தேய்ப்பு நான் தேய்க்கிறதில்லே, சார். எங்க வாத்தியாரு அந்தத் தூசியாலேதான் போனாரு."

அந்தப் பதில் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. நாம் சர்வ சாதாரணமாகச் சொல்லும் டூக்கோ, வாட்டர் பேப்பர் என்ற இரண்டு வார்த்தைகளும் எங்கிருந்து வந்தன என்று புத்தகங்களைப் புரட்டினேன்.

மோட்டார் பிறந்த புதிதில் அதற்கு வர்ணம் பூசியவர்கள், அதுவரை குதிரை வண்டிக்குப் பூசி வந்தவர்களேதான். ஆளிவிதை எண்ணெய் வர்ணமும் வார்னிஷும் பிரஷ்ஷால் பூச வேண்டும். காயும் வரை காத்திருந்து, தேய்த்து, அடுத்த பூச்சைப் பூச வேண்டும். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். நுரைக்கல்லால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் உப்புத்தாளை நனைக்க முடியாது. நம் தச்சர்கள் காய்ச்சுகிற வஜ்ரத்தைப் போன்ற பசையால்தான் அதில் மணல் ஒட்டியிருந்தது. ஈரம் பட்டால் உதிர்ந்துவிடும். ஆகவே வறட்டுத் தேய்ப்பு. வர்ணத்திலோ ஈயம். தேய்க்கத் தேய்க்க ஈயத் தூசி பறக்கும்.

அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் டாக்டர், பெயிண்டர்களின் உடல்நிலையை ஆராய்ந்து 1913இல் ஓர் அரசாங்க அறிக்கை எழுதினார். கையில் படும் வர்ணத்தைவிட மூக்கில் ஏறும் தூசியே பெரிய ஆபத்து என்பது அவர் கண்ட உண்மை. ஈயம் உடம்பில் சேர்ந்தால் முதலில் வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி. முற்றினால் மணிக்கட்டு செயலற்றுத் தொங்கிவிடும்.

1920இல் பிலடெல்பியா நகரத்து மை வியாபாரி பிரான்சிஸ் ஓக்கி, மின்னசோட்டாவில் உப்புத்தாள் செய்துவந்த ஒரு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். வகைக்குக் கொஞ்சமாகத் தேய்ப்புமணல் அனுப்பும்படி கேட்டிருந்தார். மை வியாபாரிக்கு மணல் எதற்கு? நிர்வாகியான மெக்நைட்டுக்கு ஆவல் பிறந்தது. விசாரித்ததில், தண்ணீரில் கரையாத உப்புத்தாளை ஓக்கி செய்திருப்பது தெரிந்தது. உரிமையை வாங்கி, 1921இல் அதைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று 3எம் என்று பெயர் பெற்றிருப்பது அந்தக் கம்பெனிதான்.

இரண்டே வருஷத்தில், 1923இல், டூபாண்ட் கம்பெனியின் 'டூக்கோ' வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1924 மாடல் ஓக்லண்டு கார்களுக்கு அதைத்தான் நீல நிறத்தில் அடித்தது. பீச்சி அடித்தால் சட்டென்று காயும், வாரங்கள் மிச்சம். ஆனால் அந்த வேகமே அதன் குறையும் ஆயிற்று. பரவிச் சமமாகும் முன்பே காய்ந்து ஆரஞ்சுத் தோலாகிவிடும். தேய்த்தால்தான் மினுக்கம் வரும். அதற்குக் கைகொடுத்தது ஓக்கியின் தாள். இன்று டப்பாவுக்குள் இருக்கும் சரக்கு வேறு. நம் பட்டறைகளில் டூக்கோ என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மேஸ்திரி தாள்களை இரவே வாளியில் ஊறப்போட்டு, துளி சோப்பும் கலந்துகொண்டார். முதலில் 1000 நம்பர், பிறகு 1500, 2000. நம்பர் ஏற ஏற மணல் நைசாகும். ரப்பர் கட்டையில் தாளைச் சுற்றி, அழுத்தாமல் தேய்த்தார். அடிக்கடி தண்ணீரை வழித்துவிட்டு உற்றுப் பார்ப்பார். மங்கிய இடம் சமமாகிவிட்டது என்று அர்த்தம். இன்னும் மின்னிக்கொண்டிருக்கும் புள்ளிதான் பள்ளம். முழுவதும் மங்கிய பிறகே காம்பவுண்டு போட்டு மினுக்க வேண்டும்.

மூன்றாம் நாள், அவர் டீ குடிக்கப் போன சமயம், நானும் ஒரு தாளை எடுத்தேன். பானெட்டின் ஓரத்தில் பத்துத் தேய்ப்புத் தேய்த்திருப்பேன். அடியிலிருந்த சாம்பல் நிறம் பல்லை இளித்தது. மேஸ்திரி வந்து பார்த்தார், கோபிக்கவில்லை. "ஓரத்துலே பெயிண்டு மெலிசாத்தான் நிக்கும், சார்" என்று சொல்லி, மற்ற ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டினார்.

கல்யாணத்தன்று வண்டி கண்ணாடியாக மின்னியது. பிறகு பணம் கொடுக்கப் போனபோது கேட்டேன்: "உங்கள் வாத்தியாருக்கு இருமலா, மேஸ்திரி?"

"இருமல் இல்லே, சார். ஓயாம வயித்து வலின்னுவாரு. கடைசியிலே மணிக்கட்டு தொங்கிப் போச்சு. பிரஷ்ஷுகூடப் பிடிக்க முடியலே."

எனக்கு 1913ஆம் வருஷத்து அறிக்கை நினைவுக்கு வந்தது. "அப்போது வாட்டர் பேப்பர் கிடைக்காதா?"

"கிடைக்காம என்ன சார்? தண்ணி போட்டா வேலை மெதுவாத்தானே ஆவும். நாளைக்குக் கல்யாணம், இன்னிக்கே வண்டி வேணும்னு வந்து நிப்பாங்க."

பணத்தை வாங்கிக்கொண்ட அவர் விரல் நுனிகள், நாலு நாள் தண்ணீரில் ஊறியதில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பானெட் ஓரத்தில் நான் தேய்த்த இடத்துக்கு அவர் வர்ணம் தொட்டு வைத்திருந்தார். நிறம் இம்மி வேறாகத்தான் இருக்கிறது. அதை மாற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.