கடலில் போட்ட பெருமாள்

‘தசாவதாரம்’ 2008 ஜூன் 13ஆம் தேதி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டோடு போனோம். அப்பா கபாலி பக்தர். அம்மா கேசவப் பெருமாள் கோயில் பக்கத்துப் பெண். காதல் கல்யாணம். மயிலாப்பூரில் அந்த இரண்டு கோயில்களுக்கும் நடுவே ஐந்து நிமிஷ நடைதான். அம்மாவைப் பெற்ற பாட்டி அந்த ஐந்து நிமிஷத்தைக் கடைசிவரை நடக்கவில்லை. அன்றைக்கு அவரும் எங்களோடு தியேட்டருக்கு வந்திருந்தார்.

முதல் காட்சியிலேயே வினை. தில்லை கோவிந்தராஜரைக் கடலில் போடச் சொல்கிறான் குலோத்துங்கன். தடுக்க வரும் ரங்கராஜ நம்பியையும் சிலையோடு கட்டி இறக்குகிறார்கள். பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா நெளிந்தார்.

படம் ஊரை இரண்டாகப் பிளந்தது. ஒரு வைணவ அமைப்பு வெளியீட்டுக்கு முன்பே நீதிமன்றம் வரை போயிருந்தது. என் கல்லூரி விடுதியில் பாதிப் பேர் ‘மாவு மேக்கப்’ என்று சிரித்தார்கள், மீதிப் பேர் மூன்றாம் முறை டிக்கெட் எடுத்தார்கள். மேக்கப்பை நானும் காப்பாற்ற மாட்டேன். ஆனால் 12ஆம் நூற்றாண்டையும் 2004 டிசம்பர் 26ஐயும், ஒரு கிருமிக் குப்பியையும் மணல் கொள்ளையையும் ஒரே நூலில் கோர்க்கத் துணிந்த வேறு வணிகப் படம் தமிழில் எது?

கேயாஸ் தியரி என்று படமே சொல்லிக்கொள்கிறது. 1961இல் எட்வர்ட் லாரன்ஸ் தன் வானிலைக் கணக்கில் 0.506127க்குப் பதில் 0.506 என்று போட்டார். கொஞ்ச நேரத்தில் வானிலையே வேறாகிவிட்டது. படம் வரலாற்றுக்குச் செய்ததும் இப்படியொரு ரவுண்டிங்தான். விட்டுப்போன இலக்கங்களில்தான் எனக்கு விஷயம் இருக்கிறது.

நம்பி கற்பனை. சிலை கடலுக்குப் போனது கற்பனை இல்லை. இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) அதைச் செய்ததை அவன் அவைப் புலவர் ஒட்டக்கூத்தரே பெருமையாகப் பாடி வைத்திருக்கிறார். எதிரி எழுதிய புகாராக இருந்தால் தள்ளிவிடலாம், இது சொந்தக் கட்சியின் வாக்குமூலம். தப்பிய உற்சவரை ராமானுஜர் கீழ்த் திருப்பதியில் வைத்தார் என்பது வைணவ மரபு. தில்லையில் பெருமாளை மறுபடி நிறுவியது விஜயநகரத்து அச்சுதராயர், 1539இல். நடுவே சுமார் 400 வருஷம்.

படம் இதற்குள் போகவில்லை. சுனாமி வந்து சிலையைக் கரையில் ஒதுக்குவதோடு கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் கதை அங்கே நேராகவில்லை, திரும்பியது. 1597வாக்கில் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் தில்லையில் பெருமாள் கோயிலை விரிவாகக் கட்டினார். தீட்சிதர்கள் எதிர்த்தார்கள். அவர் கேட்கவில்லை. கோபுரத்தில் ஏறிக் குதித்தார்கள், இருபது பேர் செத்தார்கள். அந்தச் சமயத்தில் அங்கே போன யேசு சபைப் பாதிரியார் பிமெந்தா எழுதிவைத்த செய்தி இது. இங்கே அழிச்சாட்டியம் வைணவர் பக்கம். நம்பிக்காக அழுதவர்கள் இந்த இருபது பேருக்கும் அழ வேண்டியிருக்கும். பத்து வேஷம் போட்டவர் பதினொன்றாவதாக ஒரு தீட்சிதராகவும் வந்திருந்தால் படம் நிஜமாகவே பிளந்திருக்கும், தியேட்டருக்குள்ளேயே.

இதையெல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் படித்தேன். பாட்டியிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. “இருபது பேரா? குதிச்சாளா?” என்றார். பிறகு, “பாவம்டா, பொண்டாட்டி புள்ளை இருந்திருக்கும்.”

அடுத்த மாதம் எல்லோரும் சிதம்பரம் போனோம். நடராஜரையும் கோவிந்தராஜரையும் ஒரே இடத்தில் நின்றபடி சேவிக்கலாம், அப்படி ஒரு இடம் அங்கே உண்டு. அப்பா ஒரு பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாட்டி படுத்திருந்த பெருமாளையே பார்த்துக்கொண்டு நின்றார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமும் ஒருதரம் திரும்பினார். “அவரும் எவ்வளவு நாழி காலைத் தூக்கிண்டே நிப்பார்” என்றார்.