பந்து முதல் டிரான்சிஸ்டர் வரை

கருமத்தம்பட்டிக்காரர்களுக்கு ரயில் என்றால் சோமனூர் ஸ்டேஷன்தான். அந்த ஸ்டேஷன் இருக்கும் பாதை, சென்னையிலிருந்து மேற்குக் கரையின் பேப்பூர் வரை, 1862இல் முழுமையடைந்தது. அப்போது கோவை நகரத்தை அது தொடவில்லை. இருகூரிலிருந்து நேரே போத்தனூருக்குப் போய்விட்டது. அந்நாளில் ரயில் எங்கே வருகிறது என்பதற்கு ஸ்டேஷன் மாஸ்டரின் கண்ணும் தந்தியும்தான் சாட்சி.

பின்னாளில் ஒற்றைப் பாதைகளுக்கு, டிரைவருக்கு அனுமதிச் சீட்டாக நீல்ஸ் பந்து டோக்கன் வந்தது. அடுத்த ஸ்டேஷன் சம்மதித்தால்தான் கருவியிலிருந்து இரும்புப் பந்து வெளியே விழும். ஒன்று வெளியே இருக்கும்வரை இன்னொன்று வராது. அருமையான ஏற்பாடுதான். ஆனால் கடைசிப் பெட்டி கழன்று நடுவழியில் நின்றுவிட்டால் பந்துக்கு என்ன தெரியும்? அதனால்தான் ஒவ்வொரு ரயிலின் வால் விளக்கையும் பார்த்துவிட்டே பாதை காலி என்று சொன்னார்கள்.

அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் 1872இல் தண்டவாளத்தையே சாட்சியாக்கினார். ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே எனும் மின்காந்த சுவிட்ச். ரயில் வந்ததும் சக்கரமும் அச்சும் மின்சாரத்தைக் குறுக்கே திருப்பிவிட, ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகிறது. தண்டவாளம் முறிந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் அதே சிவப்புதான். கோளாறு வந்தால் 'ரயில் இருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும் இந்தச் சந்தேகப் புத்தியில்தான் அதன் மேதைமை இருக்கிறது. இரும்பு ஸ்லீப்பர் இரு தண்டவாளங்களையும் மின்சாரத்தால் இணைத்துவிடும் இடங்களில் இந்த முறை செல்லாது. அங்கே அச்சுகளை எண்ணும் ஆக்சில் கவுண்டர் கைகொடுக்கிறது: உள்ளே போனவை எத்தனையோ, வெளியே வந்தவையும் அத்தனை இருந்தால்தான் பாதை காலி.

மேஜை மீது ஓடும் மாடல் ரயிலுக்கு வந்ததும் கணக்கு தலைகீழாகிறது. அங்கே எஞ்சினுக்கான மின்சாரமே தண்டவாளம் வழியாகத்தான் போகிறது. அதை இழுக்கும் பொருள் இருந்தால் ரயில் இருக்கிறது. 1958இல் லின் வெஸ்ட்காட் 'மாடல் ரெயில்ரோடர்' இதழில் விவரித்த 'ட்வின் டி' சுற்று, டிரான்சிஸ்டர்களை வைத்து அந்தச் சிறு மின்னோட்டத்தைப் பிடித்தது. ஒயர் அறுந்துவிட்டால், ரயில் அங்கே நின்றிருந்தாலும் 'காலி' என்றே அது சொல்லும். மேஜை ரயிலில் யாருடைய உயிரும் இல்லை, அதனால் மன்னிக்கலாம்.

இன்னொரு சிக்கல், மோட்டார் இல்லாத பெட்டிகள். அவை மின்சாரமே இழுப்பதில்லை. கழன்று நின்ற பெட்டி இங்கேயும் கண்ணுக்குத் தப்பிவிடும். அவையும் சிறிது மின்சாரம் இழுக்கட்டும் என்றே ஆர்வலர்கள் உலோகச் சக்கரங்களுக்கு இடையே அச்சில் 10,000 ஓம் அளவிலான நுண் ரெசிஸ்டரை ஒட்டுகிறார்கள்.