தாழ்த்தப்பட்ட சிறு மகிழுந்துகளில் சக்கரப் பொருத்தம்

சக்கரப் பொருத்தம் என்பது ஒரு மகிழுந்தின் சக்கரமும் டயரும் மட்கார்டு, பிரேக், தொங்கல் அமைப்பு ஆகியவற்றில் உரசாமலும், உரிய சுமையைத் தாங்கியும் இயங்கும் வகையில் அவற்றின் அளவுகளைத் தேர்ந்தெடுப்பதைக் குறிக்கும். குட்டையான சுருள்வில்கள் பொருத்தப்பட்டு உயரம் குறைக்கப்பட்ட மகிழுந்துகளில் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையிலான இடைவெளி சுருங்கிவிடுகிறது. இதனால் ஆலை உயரத்தில் தாராளமாகச் சுழலும் சக்கரம், தாழ்த்தப்பட்ட வண்டியில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போதே மட்கார்டின் விளிம்பில் பட்டு டயரை அறுத்துவிடக்கூடும்.

1989 ஆம் ஆண்டு அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்ட இந்த இரண்டு இருக்கை மகிழுந்தின் எடை சுமார் 940 கிலோகிராம் மட்டுமே. உரிமையாளர்களால் பெரிதும் தாழ்த்தப்பட்ட வண்டிகளுள் இதுவும் ஒன்று.

ஆலை அளவுகள்

தொடக்ககால எம்எக்ஸ்-5 வண்டியின் சக்கரம் 14 அங்குல விட்டமும் 5.5 அங்குல அகலமும் கொண்டது. டயரின் அளவு 185/60 ஆர்14 ஆகும். இதில் 185 என்பது டயரின் அகலம் (மி.மீ.), 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது, 14 என்பது ரிம்மின் விட்டம் (அங்குலம்). இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் டயரின் முழு விட்டம் 577.6 மி.மீ. எனக் கிடைக்கும்.

விலக்கம்

சக்கரம் குடத்தில் பதியும் முகத்திற்கும் ரிம்மின் நடுக்கோட்டிற்கும் இடையிலுள்ள தொலைவு விலக்கம் எனப்படும். இது சக்கரங்களில் 'ஈடி' என்ற எழுத்துகளுடன் மி.மீ. அளவில் பொறிக்கப்பட்டிருக்கும். விலக்க எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே நகரும். வாங்குபவர்கள் பெரும்பாலும் விட்டத்தையே பார்க்கின்றனர். உரசலைத் தீர்மானிப்பதோ அகலமும் விலக்கமும் சேர்ந்துதான்.

எம்எக்ஸ்-5 வண்டியின் ஆலைச் சக்கரத்தின் விலக்கம் 45. 5.5 அங்குலத்தில் பாதி 69.85 மி.மீ. ஆதலால் ரிம்மின் வெளி விளிம்பு பதியும் முகத்திலிருந்து 24.85 மி.மீ. வெளியேயும், உள் விளிம்பு 114.85 மி.மீ. உள்ளேயும் அமைகின்றன. இதற்குப் பதிலாக 15 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும் 35 விலக்கமும் கொண்ட சக்கரத்தைப் பொருத்தினால், வெளி விளிம்பு 53.9 மி.மீ., உள் விளிம்பு 123.9 மி.மீ. என மாறும். அதாவது சக்கரம் வெளியே ஏறத்தாழ 29 மி.மீ., உள்ளே 9 மி.மீ. விரிகிறது. விலக்கம் 25 ஆக இருந்தால் உள்ளே மாற்றம் ஏதுமில்லை எனலாம். ஆனால் வெளியே 39 மி.மீ. நீட்டிக்கொள்ளும். வெளியே நகர்த்துவது இலவசமன்று. திசைதிருப்பியில் இழுப்பும், சக்கரத் தாங்கிகளின் மீதான நெம்பு விசையும் கூடுகின்றன.

எம்எக்ஸ்-5 வண்டியின் நான்கு சக்கரங்களும் இரட்டைக் கவைக்கை அமைப்பில் தொங்குகின்றன. வண்டி தாழும்போது சக்கரத்தின் மேற்பகுதி உட்புறமாகச் சாய்கிறது. கேம்பர் எனப்படும் இச்சாய்வு மட்கார்டு விளிம்பருகே சில மி.மீ. இடத்தைத் தருகிறது. அளவு மீறினால் டயரின் உள்விளிம்பு விரைவாகத் தேயும். எனவே தாழ்த்திய பின் சக்கரச் சீரமைப்புச் செய்வது இன்றியமையாதது.

நின்ற நிலையில் இடைவெளி இருப்பது சான்றாகாது. வண்டியை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, சுருள்வில்லைக் கழற்றி, சக்கரத்தை அதன் பயண எல்லைவரை ஜாக்கியால் உயர்த்தி, முன்சக்கரங்களை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பார்ப்பதே நம்பகமான சோதனையாகும்.

டயர்

15 அங்குலச் சக்கரத்திற்கு 195/50 ஆர்15 மிகவும் இயல்பான தேர்வாகும். இதன் விட்டம் 576 மி.மீ.; ஆலை டயருடன் வேறுபாடு 2 மி.மீ. கூட இல்லை. இரண்டு அளவுகளிலும் வழக்கமாகக் காணப்படும் சுமைக் குறியீடு 82, அதாவது ஒரு டயருக்கு 475 கிலோகிராம்.

மேலும் தாழ்வாகத் தோன்ற 195/45 ஆர்15 பொருத்துவோர் உண்டு. இதன் விட்டம் 556.5 மி.மீ. வண்டி தரையை நோக்கி மேலும் 10 மி.மீ. இறங்கும், ஆனால் மட்கார்டின் இடைவெளி விரிந்து, தாழ்த்தியதன் தோற்றமே கெடும். வேகமானி 100 கி.மீ. காட்டும்போது வண்டி முன்பு அதே எண்ணில் சென்றதைவிட 3.7 விழுக்காடு மெதுவாகவே செல்லும்.

அகலமான ரிம்மில் ஒடுங்கிய டயரை இழுத்து மாட்டும் வழக்கமும் காணப்படுகிறது. 195/50 ஆர்15 டயருக்கு ஏற்ற ரிம் அகலம் 5.5 முதல் 7 அங்குலம் வரை. இதைக் கடந்தால் காற்றழுத்தம் குறையும் வேளையில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு விலகும் ஆபத்து உண்டு. பக்கச்சுவரின் பாதுகாப்பும் இல்லாமையால் ரிம் எளிதில் நெளியும்.

துளைகளும் நட்டுகளும்

எம்எக்ஸ்-5 சக்கரத்தின் நான்கு துளைகள் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்துள்ளன. ஃபியட் வண்டிகள் பலவற்றில் இவ்வட்டம் 98 மி.மீ. ஆகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மாற்றிப் பொருத்தினால் நட்டு சரியாக அமராது. நடுத்துளையின் அளவு 54.1 மி.மீ. பெரிய நடுத்துளை கொண்ட சக்கரங்களுக்கு இடைவளையம் பயன்படுத்தப்படும். நட்டின் அடிவடிவமும் கவனிக்கத்தக்கது. மாஸ்டாவின் நட்டு கூம்பு வடிவமுடையது. ஹோண்டாவின் ஆலைச் சக்கரங்களோ கோள வடிவ இருக்கை கொண்டவை. துளைவட்டம் ஒத்திருக்கிறது என்று ஹோண்டாச் சக்கரத்தைக் கூம்பு நட்டால் முடுக்கினால் அது ஓட்டத்தில் தளரக்கூடும்.

சட்ட விதிகள்

ஜப்பானிய வாகனச் சோதனையில் தரையிலிருந்து குறைந்தது 9 செ.மீ. இடைவெளி தேவை. சக்கர அச்சிலிருந்து முன்னே 30 பாகை, பின்னே 50 பாகை வரையுள்ள பகுதியில் சக்கரம் மட்கார்டைத் தாண்டக்கூடாது. 2017 ஜூன் மாதத் திருத்தத்திற்குப் பின் பயணிகள் மகிழுந்துகளில் டயரின் பக்கச்சுவர் மட்டும் 10 மி.மீ.க்குக் குறைவாகப் பிதுங்க இடமளிக்கப்பட்டது. ரிம்முக்கும் நட்டுக்கும் இச்சலுகை இல்லை.