மசி பெர்குசன் 35: கியர் பெட்டியைப் பிரித்துத் திருத்துதல்

மசி பெர்குசன் 35, இங்கிலாந்தின் கொவன்ட்ரி நகரில் பானர் லேன் தொழிற்சாலை தயாரித்த உழவு இயந்திரம். 1956இல் பெர்குசன் 35 என்று வெளிவந்தது. 1957இன் கடைசியில் சிவப்பும் சாம்பலுமாக நிறம் மாறியது. 1964இல் அதன் இடத்தை 135 பிடித்துக்கொண்டது. இலங்கை வயல்களில் இந்த இரண்டும் இன்றும் ஓடுகின்றன. அவற்றுக்குப் பழைய பாகம் தேடுவோர் கொழும்பில் போய் நிற்கும் இடம் பஞ்சிகாவத்தை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஆமர் வீதியைத் தாண்டினால் அந்தக் கடைத்தெரு வந்துவிடும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் டொலர் தட்டுப்பாடும் சேர்ந்தபோது, பழையதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர பலருக்கு வேறு வழி இருக்கவில்லை.

லொறிக்குச் சேஸ் உண்டு. கியர் பெட்டியைத் தனியே இறக்கிவிடலாம். இந்த இயந்திரத்துக்குச் சேஸ் கிடையாது. எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சுக் கூடு ஆகியவற்றை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கியதுதான் அதன் முதுகெலும்பு. ஆகவே கியர் பெட்டியைத் திறப்பதற்கு இயந்திரத்தையே இரண்டாகப் பிளக்க வேண்டும். முன் அச்சு நடுவில் ஒரே ஊசியில் ஆடுவதால், பிரிந்த கணமே முன்பாதி பக்கவாட்டில் சரியும். அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையில் இருபுறமும் மர ஆப்பு இறுக்காமல் போல்ட்டில் சாவி வைப்பது உயிரோடு விளையாடுவதுதான்.

உள்ளே மூன்று முன் கியர்கள், ஒரு பின் கியர். பெட்டியின் பின்முனையில் உள்ள கோட்பற்சில்லுத் தொகுதி ஒவ்வொரு வேகத்தையும் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைத்தும் தருகிறது. அதனால் முன்னுக்கு ஆறு, பின்னுக்கு இரண்டு. சேற்று உழவுக்கு வேண்டிய ஆமை வேகம் அங்கிருந்துதான் வருகிறது.

நோயைச் சொல்வது பெரும்பாலும் ஒயில்தான். இந்த இயந்திரத்தில் கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ரோலிக் மூன்றுக்கும் ஒரே ஒயில். கியர் தடியின் ரப்பர் உறை கிழிந்தால் மழைத்தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். வடிகால் ஆணியைக் கழற்றும்போது தேத்தண்ணிக் கடைப் பால்தேநீர் நிறத்தில் ஒயில் கொட்டினால், பெயரிங்குகள் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறைப்பாடு, சுமை ஏறியதும் கியர் தானாகக் கழன்றுவிடுவது. பற்சில்லுகள் தண்டின் மேல் வழுக்கிச் சென்று ஒன்றையொன்று கௌவும் பழைய முறை இது; வேகத்தைச் சமப்படுத்தும் ஏற்பாடு கிடையாது. கிளச் முழுதாக விடாத நிலையில் கியர் மாற்றினால் பல்லின் முன்விளிம்பில்தான் அடி விழும். தேய்ந்த பல்லை விரலால் தடவினாலே தெரியும்: நேராக இருக்க வேண்டிய முனை ஆற்றுக்கூழாங்கல் போல உருண்டு வழுவழுக்கும். அந்தப் பல் மற்றதைப் பிடித்து நிற்காது. ஆனால் சில்லை மாற்றுவதற்கு முன் கியர் மாற்றும் கவடையும், அதன் கம்பியை நிறுத்திவைக்கும் குண்டையும் சுருளையும் பார்ப்பது முறை. களைத்துப்போன ஒரு சுருளே காரணமாக இருந்தால் செலவு எவ்வளவோ குறையும். அந்தச் சுருள் அமுங்கியே இருப்பது. கம்பியை உருவும்போது மேலே ஒரு துணியைப் போடாவிட்டால் குண்டு பறந்து எங்கேயாவது ஒளிந்துகொள்ளும்.

பெயரிங்கின் விளிம்பில் பொறித்த இலக்கத்தைக் கடைக்காரரிடம் சொன்னால் போதும். பற்சில்லுக்கு அது போதாது. பழையதைக் கையோடு கொண்டுபோய், பற்களை எண்ணி, துளையின் வரிகளையும் ஒப்பிட்டே வாங்க வேண்டும். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் இதே குடும்பத்து இயந்திரங்களைத் தயாரித்து வந்ததால், இந்தியப் பாகங்களும் கிடைக்கின்றன. அடைப்புத்தாள் கிடைக்காதபோது கெட்டித் தாளைக் கூட்டின் வாயில் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தை மெல்லத் தட்டி வெட்டியெடுப்பது பழைய கராச்களின் கைப்பழக்கம்.

திரும்பப் பொருத்தும்போது தண்டின் வரிகள் கிளச் தட்டுக்குள் தாமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பறக்கும் சில்லைக் கையால் சற்றுச் சுழற்றிப் பார்க்க வேண்டும். போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்த்தால் கிளச் தட்டு வளையும், வார்ப்பிரும்புக் கூட்டின் காதும் வெடிக்கும். இரு கூடுகளும் கைத்தள்ளலில் இடைவெளியின்றி முட்டிய பிறகே போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்கி, ஆப்புகளைக் கழற்றிப் புது ஒயில் ஊற்றுகிறார்கள்.